நாலின் கால்

நகரிக்குள் நுழைந்தால் முதலில் மூக்குதான்.
கப்பல்காரர்கள் நடுக்கடலில் நின்று
இந்த மலையின் மூக்கைப் பார்த்துக்
கரை இன்னதென்று சொல்வார்களாம்.
நான் வண்டிக்கு அப்படி.

பல் டாக்டர் பிரணவ் மூவாயிரம் தருகிறார்,
மதியச் சாப்பாடு தனி.
விற்கிறவர் தாமோதரம்.
"எண்பத்தஞ்சு கடைசி, முதல் லாட்டு,
ஜப்பான் பெட்டி பிரிச்சி மாட்டினது,
எங்க நாயன கொன்னது."
டாக்டர் ஒரு நொடி வெளிறிப்போனார்.
கொன்னது என்றால் இங்கே வாங்கியது.

சுற்றிலும் விசைத்தறி.
யார் பேசினாலும் கத்தல்தான்.

குந்தி உட்கார்ந்தேன்.
டேங்க் ஆர்எக்ஸ்ஜி. தாமோதரம் மறுக்கவில்லை,
பழசு துரு தின்றுவிட்டதாம்.
கார்புரேட்டர் கிண்ணத்துத் திருகைத் துடைத்தால்
சிலுவை வெட்டின் ஓரத்தில் ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி.
ஜப்பான்காரன் திருகுக்கும் பொட்டு வைத்து அனுப்புவான்.
சொன்னதும் டாக்டர் செல்லில் படம் எடுத்துக்கொண்டார்,
பெண் பார்க்க வந்தவர் மாதிரி.

பிறகு இன்ஜின் எண்.
டீசல் துணி, இரண்டு இழுப்பு.
ஒன்று, எல், ஒன்று.
நூறுக்கு உரிய தொடக்கம்தான்.
அடுத்த ஆறு இலக்கத்தில்
மூன்றாவது, நாலு.
கால் இடப்பக்கம் சாய்ந்து
அடியில் ஒரு துளி உடைந்த நாலு.

அந்த உடைசல் எனக்குத் தெரியும்.
ஏகாம்பரகுப்பம், லேத் பட்டறைப் பின்கட்டு,
இரண்டாயிரத்து மூன்று ஐப்பசி.
ராத்திரி ஷிஃப்ட் ஓடுகிற நேரமாய்ப் பார்த்து
ஒவ்வொரு அடியையும் தறிச் சத்தத்துக்குள் ஒளித்தேன்.
நாலு உளி அதற்கு முந்தின வாரம்தான்
சிமெண்டில் விழுந்து கால் ஒடிந்திருந்தது.
வேறு நாலு வாங்கக் காசில்லை.
நூற்று முப்பத்தைந்தின் எண்ணை அரத்தால் ராவி
நூறாக்கிக் கொடுத்தேன். முந்நூறு ரூபாய்.
வண்டி யாருடையது என்று கேட்கவில்லை.
கொண்டுவந்தவரின் நகம் மட்டும் நினைவில் இருக்கிறது,
சாயப்பட்டறை நீலம்.
இந்த ஊரில் பாதிப்பேருக்கு அந்த நகம்.

எழுந்தேன். முழங்கால் சொடக்கியது.
"ஹெட்டைத் திறக்கலாமா?"
தாமோதரம் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.
அவருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.
தெரிந்தவரும் அப்படித்தான் கொடுப்பார்.

நாலு நட்.
பிஸ்டனைக் கீழே இறக்கி வெர்னியரை விட்டேன்.
ஐம்பது காட்ட வேண்டிய இடத்தில்
ஐம்பத்தெட்டே சொச்சம்.
ஒரு பட்டாணி அகலம்.
நல்லவேளை, வெர்னியர் சொல்லிவிட்டது.
நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தாமோதரம் "நாயன" என்று ஆரம்பித்து
மிச்சத்தைத் தெலுங்கில், சுவரிடம் சொன்னார்.

டாக்டர் குனிந்து எண்ணைத் தடவிப் பார்த்தார்.
சொத்தைப் பல்லைப் பார்க்கிற கண்.
"ஆனா நல்லாத்தான் குத்தியிருக்கான்."

காதுமடல் சுட்டது.
"எங்க நல்லா? நாலு சாஞ்சிருக்கு பாருங்க"
வாய் முந்திக்கொண்டது.

விலை பாதிக்கும் கீழே இறங்கியது.
தாமோதரம் நோட்டை எண்ணவில்லை, மடித்து வைத்துக்கொண்டார்.
கிளம்புகிற நேரம் டாக்டர்
தோளைப் பிடித்துத் தறிக்கொட்டகை ஓரம் தள்ளிக்கொண்டுபோய்க்
காதுக்குள் கத்தினார்:
"அந்த நாலை நேராக்க ஆள் யாராவது..."

கரண்ட் போனது.
அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றன.

"தெரியுமா" மட்டும்
தெரு முழுக்கக் கேட்டது.